ரெஜினா எழுதிய ‘இல்லை’

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தாவிடமிருந்து போன் வந்தது. ரெஜினாவின் தம்பி மனைவி. அதுவரை ஒரு முறைகூட அவராக எனக்குப் போன் செய்ததில்லை. “சார், அண்ணி பூட்டாங்க சார்” என்றார். “எங்க?” என்று கேட்டேன். மறுமுனையில் அவர் மூச்சை இழுத்து விசும்பியபோதுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கு உறைத்தது. விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று ரெஜினா எழுந்து உட்கார்ந்திருக்கிறார். தம்பி உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார், அதுவும் தாமதமில்லாமல் வந்திருக்கிறது. ஆனால் அது ஷிப்ட் மாறுகிற நேரம். கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே கூட்டுரோட்டில் வண்டி சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு நாற்பத்தொன்பது வயது.

மறுநாள் சேரப்பணஞ்சேரியில் அடக்கம். இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். நான்கு லாரி டிரைவர்கள் சுவரோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பாதர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் நின்றவர், எங்கள் அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்தவர், என் காதருகே குனிந்து சொன்னார்: “ஊரு உடம்பையெல்லாம் அளந்தாங்க. தன் உடம்பைக் கவனிக்காம விட்டுட்டாங்க பாருங்க.”

பெட்டி இன்னும் மூடப்படவில்லை. அதனால் நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். அவர் சொன்னது தவறு. எவ்வளவு தவறு என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ரெஜினாவை உங்களில் பலருக்குத் தெரியும். கள ஆய்வாளராகத் தெரியும், கையில் அட்டையும் தலையில் தொப்பியுமாக ஒரகடம் சாலையில் நடந்துபோகிறவராகத் தெரியும். அதற்கு முன் அவர் யாராக இருந்தார் என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். எதிர்ப்பக்கத்துக்குள் பாடிப்போய்க் காலைப் பிடித்தவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டுக்குத் திரும்பக்கூடிய ஆள் என்று அவருடன் ஆடிய ஒருத்தி என்னிடம் சொன்னாள். பிறகு ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு லைனில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்று வேலை செய்தார். இடுப்பு போனது. லைன் அவரை விட்டது, அல்லது அவர் லைனை விட்டார். கேட்ட நாளைப் பொறுத்து இரண்டு விதமாகவும் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டில் முன்னறை அவருடையது.

எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு அவர் வந்தபோது நாங்கள் பெருநகரங்களை ஒப்பிடும் ஒரு வேலையில் இருந்தோம். ஒரு நகரம் தன் மக்களை விளையாட விடுகிறதா, பயமில்லாமல் நடக்க விடுகிறதா, நோய் வருவதற்கு முன்பே காப்பாற்றப் பார்க்கிறதா என்று அளந்து மதிப்பெண் போடுவது. சென்னை என்றால் இப்போது சென்னை மட்டும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதன் கணக்கில் வந்துவிட்டன. படிவத்தில் கேள்விகள் எளிமையாக இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் விளையாட்டுத் திடல் உள்ளதா? ஆம் அல்லது இல்லை. நடைபாதை உள்ளதா? ஆம் அல்லது இல்லை. களத்திலிருந்து வரும் விடைகளைச் சரிபார்த்துத் தொகுப்பது என் வேலை. சென்னையில் ஏசி அறையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். திரையில் வரைபடம். திடல் இருக்கும் இடமெல்லாம் பச்சைப் புள்ளி.

முதல் வாரமே ரெஜினா அனுப்பிய படிவங்களில் பச்சைப் புள்ளிகளுக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதி வந்தது. டிக் அடித்தால் போதும் என்று சொல்லியிருந்தோம். அவர் டிக் அடிக்காமல், முழுச் சொல்லையும் நீல மையில் எழுதியிருந்தார். வல்லம் வடகால் பக்கம் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய ஒரு நிலம் வரைபடத்தில் நல்ல பச்சையாக இருந்தது. அவரைப் போனில் கூப்பிட்டேன்.

“ரெஜினா, அந்த இடத்துல கிரவுண்டு இருக்கே. மேப்புல காட்டுதே.”

“மேப்ல கீது சார். தரையில லாரி கீது.”

“லாரி இன்னிக்கு நிக்கும், நாளைக்குப் போயிடும். இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி.”

“நான் மூணு நாளா போயிகினு கீறேன் சார். மூணு நாளும் லாரிதான். பந்து போட எடமில்ல.”

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பிறகு திரையில் அவருடைய ‘இல்லை’யை ‘ஆம்’ என்று மாற்றினேன். இதை ஒளிக்க விரும்பவில்லை. அன்று நான் அதைத் தவறு என்றே நினைக்கவில்லை. சரிபார்ப்பு என்று நினைத்தேன். அந்தப் பகுதியில் ஒன்பது இடங்களில் அப்படிச் செய்தேன். ஒரகடத்தின் மதிப்பெண் மளமளவென்று ஏறியது. எங்கள் இயக்குநர் திரையைப் பார்த்துவிட்டு, தொழிற்பகுதி இவ்வளவு நன்றாக வந்திருப்பது மகிழ்ச்சி என்றார்.

வரைவு அறிக்கை களப் பணியாளர்களுக்குப் போன மூன்றாம் நாள், ரெஜினா இரண்டு பஸ் மாறி அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். அறிக்கையைத் திறந்து அந்த ஒன்பது இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டினார். தொட்டு முடித்ததும், “இத நான் எழுதல சார். ஆனா கீழ எம்பேரு கீது” என்றார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். எல்லா நகரங்களுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், ஒவ்வொருவரும் பார்த்ததை எழுதினால் ஒப்பிட முடியாது, என்றெல்லாம். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்தார்.

“ஞாயித்துக்கிழம காலையில வாங்க சார். ஷூ போட்டுகினு வாங்க. செருப்பு வேணாம்.”

போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. ‘எம்பேரு கீது’ என்று அவர் சொன்ன விதம் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரகடத்தில் வெளியூர்ப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் ஒரு ஹாஸ்டல் வாசலில் ரெஜினா நின்றிருந்தார். அங்கிருந்து அந்த வல்லம் வடகால் பச்சைப் புள்ளிக்கு நடக்கச் சொன்னார். வரைபடத்தில் அது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தரையில் நடைபாதை இல்லை. தார் முடிகிற இடத்தில் ஜல்லி, ஜல்லி முடிகிற இடத்தில் சாக்கடைப் பள்ளம். டிரெய்லர் லாரி கடந்துபோகும்போதெல்லாம் ரெஜினா என் முழங்கையைப் பிடித்து உள்பக்கம் இழுத்தார். பாதி வழியில் எனக்கு இருமல் வந்தது. நிலத்தை அடைந்தபோது அங்கே வரிசையாக லாரிகள். சக்கரங்களுக்கு நடுவே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த புள்ளிக்குப் போலாமா சார்?” என்றார்.

அடுத்த புள்ளி உண்மையிலேயே அருமையான திடல். செயற்கைப் புல், உயர வலை, விளக்குக் கம்பங்கள். ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் இருந்தது. வாசலில் செக்யூரிட்டி. ரெஜினா ஒதுங்கி நின்றுகொண்டார். “நீங்களே கேளுங்க சார். நான் கேட்டா நான் சொல்லிக் குடுத்தேம்பீங்க.”

நான் கேட்டேன். செக்யூரிட்டி மரியாதையான மனிதர். “கம்பெனி ஐடி கார்டு இருந்தா விடுவோம் சார். கான்ட்ராக்ட் கார்டுக்கு கிடையாது.”

“இந்த ஹாஸ்டல் பொண்ணுங்க?”

“அவங்கல்லாம் கான்ட்ராக்ட்டு சார்.”

“ஊர்க்காரங்க?”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மதில் எழும்பிய நிலத்தில் ஒரு பகுதி அவருடைய பெரியப்பாவுடையதாக இருந்ததாம். “நானே உள்ள போய் ஆட முடியாது சார். சுத்தி வரலாம், ரவுண்ட்ஸுக்கு.”

ரெஜினா படிவம் செருகிய தன் அட்டையை என்னிடம் நீட்டினார். பேனாவையும். அந்த இடத்துக்கு நேராக என் கையால் ‘இல்லை’ என்று எழுதினேன்.

திரும்பி வந்து ஹாஸ்டலில் உட்கார்ந்தோம். வார்டன் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அன்று படிவத்தின் இரண்டாம் பகுதியை ரெஜினா சில பெண்களிடம் கேட்க வேண்டியிருந்தது. வாரத்தில் எத்தனை நாள் அரை மணி நேரமாவது உடற்பயிற்சி செய்கிறீர்கள்? தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த முத்துலட்சுமி என்ற பெண், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்: “லைன்ல எட்டு மணி நேரம் நிக்கேன்க்கா. ஓவர்டைம் வந்தா பன்னெண்டு. அது இதுல சேருமா?”

கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ரெஜினா சிரிக்கவில்லை. “சேராதுடி. நிக்கிறது வேல. அதுல உடம்பு தேயும். இது வேற, இதுல உடம்பு ஏறணும்” என்று பொறுமையாகச் சொன்னார். அடுத்த கேள்வி: செய்யவில்லை என்றால் ஏன்? அதற்கு நான்கு விடைகளை நாங்கள் சென்னையில் உட்கார்ந்து தயாரித்திருந்தோம். நேரமில்லை, ஆர்வமில்லை, விழிப்புணர்வு இல்லை, உடல்நிலை இடம் தரவில்லை. முத்துலட்சுமி நான்கையும் கேட்டுவிட்டு, “எடமில்லன்னு ஒண்ணு இல்லியாக்கா?” என்றாள்.

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்கு விடைகளில் மூன்று அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்கின்றன என்பதை நான் அப்போதுதான் கண்டேன். அந்தப் படிவத்தைத் தயாரித்த குழுவில் எல்லோரும் படித்தவர்கள். நான் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவன். எங்களில் ஒருவருக்கும் ஐந்தாவது விடை தோன்றவில்லை.

“ஆர்வம் இல்லாதவங்கள நான் இன்னும் பாக்கல சார்” என்றார் ரெஜினா. “பாத்தா சொல்றேன்.”

சென்னைக்குத் திரும்பி ஒன்பது இடங்களையும் பழையபடி ‘இல்லை’ என்று மாற்றினேன். மதிப்பெண் சரிந்தது. இயக்குநர் என்னை அழைத்தார். அந்தச் செயற்கைப் புல் திடலைக் கட்டிய நிறுவனம் எங்கள் ஆய்வுக்கு ஆதரவு தருகிற நிறுவனங்களில் ஒன்று என்பதை மிக நாகரிகமாக நினைவுபடுத்தினார். ஒன்பது இடங்களையும் ‘ஆம்’ என்றே விட்டு, ‘சிலருக்கு அனுமதியில் கட்டுப்பாடுகள் உண்டு’ என்று அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாமே என்றார். நான் சரி என்றேன். ஆம், நேரில் பார்த்துவிட்டு வந்த பிறகும் சரி என்றேன். பின்பு ரெஜினாவிடம் சொன்னபோது அவர் அடிக்குறிப்பு என்றால் எந்த அளவு எழுத்தில் வரும் என்று கேட்டார். காட்டினேன். “இதப் படிக்க எங்க ஊர்ல யாருக்கும் கண்ணு பத்தாது சார்” என்றார்.

அறிக்கையை வெளியிடும் கூட்டம் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டல் அரங்கில் நடந்தது. களப் பணியாளர்களுக்குக் கடைசி வரிசையில் இடம். நான் மேடையில் நின்று படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். தொழிற்பகுதியின் படம் வந்தது, பச்சைப் புள்ளிகளுடன். கேள்வி நேரத்தில் ரெஜினா எழுந்தார். யாரோ மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கையில் வாங்கியவர் அதை வாயருகே வைக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

“அந்த பச்ச கலர் கிரவுண்டுல கடைசியா ஆடினது யாருங்க சார்?”

இயக்குநர் சிரித்த முகத்துடன், நல்ல கேள்வி, அதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். ரெஜினா உட்காரவில்லை. “தனியா வேணாங்க. இத்தன பேரு மத்தியில காட்டினீங்க, இத்தன பேரு மத்தியில சொல்லுங்க. பேரு வேணாம். ஒரு ஆளு, ஒரு பொண்ணு, எந்த ஊரு, அது போதும்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தைரியசாலி இல்லை. ஐம்பத்தாறு வயது வரை மேடைகளில் யாரையும் சங்கடப்படுத்தாமல் பேசிப் பழகியவன். அன்று என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அவங்க களத்துல ‘இல்லை’ன்னு எழுதினாங்க. அதை ஆபீஸ்ல ‘ஆம்’னு மாத்தினது நான். அவங்க எழுதினதுதான் சரி.”

அறிக்கை அன்று வெளியாகவில்லை. சில மாதங்கள் கழித்து வெளியானபோது தொழிற்பகுதியின் இடத்தில் ஒன்பது கட்டங்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன. கீழே ‘தரவு கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தது. பொய் போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன். ரெஜினா அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அவரை அவ்வளவு கோபமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

“தெரியலன்னு போட்டுகீறாங்க சார். நாம தெரியலன்னா சொன்னோம்? மழையில வெயில்ல நடந்து, இல்லன்னு சொன்னோம். இல்லன்னா ஒருத்தன் வந்து ஏன் இல்லன்னு கேப்பான். தெரியலன்னா எவன் கேப்பான்?”

பிரதியை மூடி என்னிடமே கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் அது இருக்கக் கூடாது என்றார்.

அந்த ஆண்டு அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நான் பேசிப் பார்த்தேன், பயனில்லை. அடுத்த ஆண்டு நானும் அங்கிருந்து விலகினேன். ரெஜினா ஒரு கிளினிக்கில் பதிவு எழுதும் வேலைக்குப் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். அளப்பதற்கு இப்போது படிவமும் இல்லை, கேட்பதற்கு அலுவலகமும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துலட்சுமியையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்த லாரி நிலத்துக்கு நடந்தார். வார்டன் அவர்களைத் தடுத்திருக்கிறார். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறார். “உள்ளயே அடைச்சி வெச்சி சுகரும் பிபியும் வந்தா அதுக்கு யாரு பொறுப்புன்னு எழுதிக் குடுங்க, நான் போறேன்” என்று ரெஜினா சொன்னதாக முத்துலட்சுமி பின்னால் எனக்கு நடித்துக் காட்டினாள்.

நிலத்தில் பெண்களைப் பார்த்ததும் டிரைவர்கள் திகைத்தார்கள். சண்டை வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரெஜினா சண்டைக்குப் போகவில்லை. நாமக்கல்லிலிருந்து வந்த பழனிசாமி என்ற டிரைவரின் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, அவரிடம் பழைய படிவத்தின் கேள்விகளை மனப்பாடமாகக் கேட்டார். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? கடைசியாக டாக்டரிடம் எப்போது போனீர்கள்? குளிக்க எங்கே போகிறீர்கள்? பழனிசாமி பதில் சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனதாம். “நாங்க மட்டும் ஆசப்பட்டுங்களா இங்க நிக்கறோம்? லோடு இறக்க மூணு நாளு ஆகுதுங்க. கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டேங்கறாங்க. நாங்க எங்கீங்க போறது?” என்றார். ரெஜினா அவரை எதிரியாக ஒரு நாளும் பேசியதில்லை. உடம்பு இருக்கிற எல்லோரும் அவருடைய கணக்கில் ஒரே பக்கம்தான். அன்று அந்த டிரைவர்களே நான்கு லாரிகளை நகர்த்தி ஒரு கபடிக் களத்துக்கு இடம் கொடுத்தார்கள். பழனிசாமி சமைத்த அடுப்பின் சாம்பலால் கோடு போட்டார்கள். பெண்கள் நைட்டியோடும் சுடிதாரோடும் இறங்கி ஆடினார்கள். ஆர்வமில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு அது ஒவ்வொரு ஞாயிறும் நடந்தது. கிராம சபை கூடியபோது ரெஜினா இரண்டு தீர்மானங்களோடு போனார். ஒன்று, அந்த நிலம் விளையாட்டுக்கு. இன்னொன்று, லாரிகள் நிற்க வேறு இடமும், டிரைவர்களுக்குக் குளியலறையும். இரண்டாவது எதற்கு, நம்ம ஊர் ஆட்கள் இல்லையே என்று ஒருவர் கேட்டார். “மொதலது வேணும்னா ரெண்டாவதும் வேணும். லாரிய தூக்கி வானத்துலயா வெப்பீங்க?” என்றார். இரண்டும் நிறைவேறின. காகிதத்தில் நிறைவேறியது தரைக்கு வர ஒன்றரை ஆண்டு நடையாய் நடந்தார். மனு, நினைவூட்டல், மறுபடி மனு. ஒரு நாள் நிலத்தைச் சுற்றிக் கல் நட்டார்கள். லாரிகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் இடம் கிடைத்தது. எல்லோரும் ரெஜினாவுக்குக் கைகொடுத்தார்கள். அவர் திடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, “கக்கூஸ் எங்க?” என்றார். “பொம்பளைங்க ரெண்டு மணி நேரம் ஆடணும்னா மொதல்ல அதான் சார். திரும்ப எழுதுங்க மனு.”

இப்போது கல்லறைத் தோட்டத்தில் என் காதருகே குனிந்தவருக்கு வருகிறேன்.

ஐயா, ரெஜினா தன் உடம்பைக் கவனித்தார். லைனில் நின்ற காலத்திலேயே அவருக்கு ரத்த அழுத்தம் வந்துவிட்டது. மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை; சாப்பாட்டுப் பையில் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருப்பார், அதை விழுங்கிய பிறகுதான் டிபன் மூடியைத் திறப்பார். மாதம் ஒரு முறை அரை நாள் லீவு போட்டு, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்துபோய், வரிசையில் நின்று பரிசோதனை செய்துகொள்வார். உப்பைக் குறைத்தார். நடந்தார். உங்களையும் என்னையும்விட அதிகமாக நடந்தார், புழுதியில், டிரெய்லருக்கு ஒதுங்கி ஒதுங்கி. ஒரு மனுஷி தன் உடம்புக்குச் செய்ய முடிந்த அனைத்தையும் செய்தார். அதற்கு மேல் இருப்பதை ஊர் செய்ய வேண்டும். நடக்க ஓரம், ஆட மண், மூச்சுக்குக் காற்று, ஆம்புலன்ஸுக்கு வழி. அதைச் செய்யாத ஊர், செத்தவளைப் பார்த்து, கவனிக்காமல் விட்டாள் என்று சொல்லக் கூடாது. நாங்கள் தயாரித்த அந்த நான்கு விடைகளில் ஒன்றைத்தான் நீங்கள் அவர் பெட்டியருகே நின்று டிக் அடித்தீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனை பேர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

அடக்கம் முடிந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை திடலுக்குப் போனேன். அன்று ஆட மாட்டார்கள், கூடி உட்கார்ந்து அழுவார்கள் என்று நினைத்துப் போனேன். ஆடிக்கொண்டிருந்தார்கள். முத்துலட்சுமி எதிர்ப்பக்கம் பாடிப்போய்க்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்தது, மூச்சு விடாமல் பாடினாள்.

பத்து மணிவாக்கில், புதுக் கார்களை ஏற்றிய நீளமான வண்டிகள் மூன்று திடலின் வாயிலுக்கு வந்து நின்றன. முன்னால் ஒரு ஜீப்பில் வந்தவர் இறங்கினார். துறைமுகத்துக்குப் போக வேண்டிய கார்கள் தேங்கிவிட்டன, இரண்டு மாதத்துக்கு இந்த இடத்தில் நிறுத்தப்போகிறோம், பேசியாகிவிட்டது என்றார். யாரிடம் பேசினீர்கள் என்று முத்துலட்சுமி கேட்டாள். மேலே என்றார். ஆணை இருக்கிறதா என்று கேட்டாள். வரும் என்றார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ரெஜினா இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எல்லோரும் யோசித்ததுபோல் ஒரு கணம். பிறகு முத்துலட்சுமி போய் வாயிலுக்கு நேராக மண்ணில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். லாரிகள் நிற்கும் இடத்திலிருந்து பழனிசாமியும் இரண்டு டிரைவர்களும் வந்தார்கள். வந்த வண்டிகளின் டிரைவர்களிடம் ஏதோ பேசினார்கள். அவர்கள் இன்ஜினை அணைத்தார்கள்.

ஜீப்காரர் என்னிடம் வந்தார். என் நரைத்த தலையையும் மூக்குக்கண்ணாடியையும் பார்த்து நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

“சார், நீங்க பெரியவரு. படிச்சவரு மாதிரி இருக்கீங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார். ரெண்டு மாசந்தான்.”

எனக்கு எடுத்துச் சொல்லத் தெரியும். முப்பது ஆண்டுகளாக அதுதான் என் தொழில். இரண்டு பக்கமும் நோகாமல், அடிக்குறிப்போடு. நான் முத்துலட்சுமிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் வலித்தது. காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டேன்.

“முடியாதுங்க” என்றேன்.

வெயில் உச்சிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வண்டிகள் பின்னால் எடுத்துத் திரும்பின. திங்கட்கிழமை ஆணையோடு வருவதாகச் சொல்லிவிட்டு ஜீப்பும் போனது.

நண்பர்களே, ரெஜினாவிடமிருந்து எனக்குப் பொருளாக எதுவும் வரவில்லை. அவர் வைத்திருந்தவை ஜெசிந்தாவின் பிள்ளைகளிடம் இருக்கின்றன, அதுதான் முறை. நான் வைத்துக்கொண்டிருப்பது, கேட்டவுடன் ஒதுங்கிக்கொள்ளாத அந்தப் பிடிவாதம். என் வயதில் அது புதிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்திருக்கிறது. அவர் கொடுத்ததுதான், சந்தேகமில்லை.

திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வருவார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் காலையிலும், காலை ஷிப்ட் முடித்தவர்கள் மாலையிலும் முறைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். புதன்கிழமை காலை என் முறை.